சைவத் தட்டில் ஒளித்த ஊசி

"ஆளைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ தங்கச்சி. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

நீக்கிலாப்பிள்ளை இப்படிச் சொன்னபோது அன்டனின் வாய்க்குள் இருந்த மட்டன் ரோல்ஸ் தொண்டையில் இறங்க மறுத்தது. மிச்சம் என்று அந்த மனிதர் சொன்னது இன்னொருவருடைய வேலையைப் பறிப்பதை. அதுவும் ஒரு நோயாளியின் வேலையை. ஓசியில் கிடைத்த ரோல்ஸைத் துப்பவும் மனம் வரவில்லை. ஒருமாதிரி விழுங்கிவிட்டுத் தன் முதலாளி கஜந்தியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பதினைந்து வருடம் இருந்து, அழுதுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் 'இல்லை' சொல்லிச் சொல்லி வெறுத்துப்போய், டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றுக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். முகத்தைக் கல்லாக வைத்திருக்க அங்கேதான் பழகியிருக்க வேண்டும்.

நீக்கிலாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதுதான் அன்டனுக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது. கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இவர் அழுதார். மொன்றியலின் சென் லோறனில், தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் தெருவொன்றில், ரோல்ஸும் கட்லட்டும் பற்றிஸும் செய்து தமிழ்க் கடைகளுக்கு அனுப்பும் சமையற்கூடம் அவருடையது. அவர், மனைவி மாக்கிரட், மகள் மெலனி, வேலையாட்கள் ஆறு பேர் என்று ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரு சின்னக் குழுக் காப்புறுதி எடுத்து வைத்திருந்தார். சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்க வழியில்லாத மனிதர், பல்லையும் மூக்குக்கண்ணாடியையும் மருந்தையும் காட்டித்தான் வேலையாட்களைப் பிடித்து வைத்திருந்தார். அந்தக் காப்புறுதியின் விலை வருகிற டிசம்பரில் ஏறக்குறைய இரட்டிப்பாகப் போகிறது. கட்டினால் கடை படுத்துவிடும். கட்டாவிட்டால் ஆட்கள் போய்விடுவார்கள், கடை அப்படியும் படுத்துவிடும்.

"முகவர் றஜிந்தன் தம்பிதான் விசயத்தைச் சொன்னது," என்று கண்ணைத் துடைத்தார். "எங்கடை ஆக்களுக்குள்ளை ஒராள் யானை விலை மருந்து எடுக்குதாம். அந்த ஆளை நிப்பாட்டினால் வேற கம்பனியிலை நல்ல விலைக்கு எடுத்துத் தரலாமாம். ஆரெண்டு கேட்டால் கம்பனி பேர் சொல்லாதாம், சட்டமாம். செப்ரெம்பரிலையே நான் எல்லாரையும் கூட்டி வைச்சுச் சொன்னன். ஒராள்தான் எங்கள் எல்லாரையும் தின்னுது, மனச்சாட்சி இருந்தால் தானா விலகட்டும் எண்டு. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

"வருத்தக்காரரை வேலையாலை நிப்பாட்டினால் அதுக்கும் சட்டம் இருக்கு, அண்ணை."

"தெரியும் தங்கச்சி. நான் பாவிதான். ஆனால் ஒராளுக்காக எட்டுப் பேரைத் தெருவிலை விடட்டே?"

கஜந்தி மேசையில் இருந்த ஐஸ்கிறீம் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

மொன்றியலில் எந்தத் தமிழ் வீட்டுப் பிரிட்ஜைத் திறந்தாலும் ஐஸ்கிறீம் பெட்டி இருக்கும், ஐஸ்கிறீம் மட்டும் இருக்காது. கறிவேப்பிலை இருக்கும், திருவின தேங்காய்ப்பூ இருக்கும், முந்தாநாள் கணவாய்க்கறி இருக்கும். இந்தப் பெட்டியில் இருந்தது ஒரு மருந்துப் பெட்டி. மேலே பேனை போன்ற ஊசிகளின் படம். நோயாளியின் பெயர் ஒட்டியிருந்த இடம் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. நேற்றுக் குளிரறையைத் திருத்த வந்த கியூபெக்காரன் தட்டுகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டபோது இது உருண்டு வந்து நீக்கிலாப்பிள்ளையின் காலடியில் விழுந்திருக்கிறது.

"பாமசியிலை கேட்டால் என்ன?" என்றான் அன்டன்.

"சொல்லமாட்டாங்கள். அங்கையும் சட்டம்."

"இந்த ஊரிலை வாய் திறந்து உண்மை சொல்லுறது பார்க்கிங் ரிக்கெற் மட்டுந்தான் அக்கா."

கஜந்தி சிரிக்கவில்லை. "பெட்டி எந்தத் தட்டிலை இருந்தது, அண்ணை?"

"சைவத் தட்டிலை. அதுதான் எனக்கு விளங்கிப்போச்சு. சைவப் பக்கத்திலை மூண்டு பேர்தான் வேலை. அந்த மூண்டிலை ஒண்டு."

குளிரறைக்குள் போனார்கள். அறையின் நடுவே நிலத்தில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. இடது பக்கம் மச்சம்: ஆடு, கோழி, மீன், முட்டை. வலது பக்கம் சைவம். கோயில் ஓடர்களுக்கும் விரதகாரருக்கும் போகிற மரக்கறிப் பற்றிஸ் எல்லாம் அங்கேதான். ஒருமுறை கோயில் பெட்டிக்குள் ஒரு மீன் கட்லட் போய்ச் சேர்ந்து, பெரிய சண்டையாகி, அன்றிலிருந்து மச்சத்தில் கை வைத்த எவரும் அந்த நாடாவைத் தாண்டக்கூடாது என்பது மாக்கிரட்டின் கட்டளை. கத்தோலிக்கராக இருந்தும் அந்தக் கட்டளையில் அவர் கோயில் ஐயரை விடக் கறார். தானும் தாண்டமாட்டார், புருசனையும் தாண்டவிடமாட்டார்.

கஜந்தி நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி சைவத் தட்டின் மேல்மூலையைப் பார்த்தாள். குளிரில் அவள் மூச்சு புகையாக வந்தது.

"அன்டன், ஒரு சாமானை ஒளிக்கிற இடம் ஆர் ஒளிச்சது எண்டு சொல்லாது. ஆரிட்டை இருந்து ஒளிச்சது எண்டுதான் சொல்லும். நீர் உம்மடை சிகரெட்டை எங்கை ஒளிக்கிறனீர்?"

"குழந்தையின்ரை டயப்பர் பைக்குள்ளை."

"ஏன்?"

"மாமனார் அதிலை கை வைக்கமாட்டார்."

"அப்ப இஞ்சை பாரும். சைவ ஆக்களிட்டை இருந்து ஒளிக்கிறதெண்டால் சைவத் தட்டிலை வைப்பினமே? அவை நாள் முழுக்க அதுக்குள்ளைதானே கையை விடுகினம்."

அன்டன் அதை மென்றுகொண்டிருக்கும்போதே குளிரறைக் கதவு திறந்தது. தலையில் வலையும் இடுப்பில் ஏப்ரனுமாகச் சைவப் பக்கத்துச் சமையற்காரர் திருமாறன் நின்றார். திருகோணமலைக்காரர், ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாத மனிதர் என்று நீக்கிலாப்பிள்ளை முதலே சொல்லியிருந்தார். இப்போது முந்திக்கொண்டு பேசினார்.

"முதலாளி, அந்தப் பெட்டி என்ரை," என்றார். "நான்தான் அந்த வருத்தக்காரன். நான் நாளையிலையிருந்து வரேல்லை. வேற ஒருத்தரையும் விசாரிக்க வேண்டாம்."

தேடிய ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் நீக்கிலாப்பிள்ளைக்குச் சந்தோசம் வரவில்லை. முகம் சுருங்கி, "திருமாறன், நீயே... ஏன்ராப்பா எனக்கு முதலிலை சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். இந்த மனிதன் கடை தொடங்கிய நாளிலிருந்து அவரோடு இருப்பவன்.

"கடைசியா எப்ப ஊசி போட்டனீங்கள்?" என்று கேட்டாள் கஜந்தி.

"போன வெள்ளி."

"விரத நாளிலை?"

"மருந்துக்கு என்ன விரதம்."

"இந்தப் பெட்டியாலை எடுத்தோ?"

"ஓம் ஓம். இதாலைதான்."

கஜந்தி மருந்துப் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். வாயில் ஒட்டியிருந்த கம்பனி ஒட்டு கிழியாமல் முழுசாக இருந்தது. "இதை இன்னும் ஒருத்தரும் திறக்கேல்லை, அண்ணை. நீங்கள் பாத்ததுகூட இல்லைப்போல."

திருமாறன் பெட்டியைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். பொய் சொல்லப் பழகாத ஆள் சொன்ன முதல் பொய், ஒரு ரோல்ஸ் பொரிகிற நேரம்கூட நிற்கவில்லை. இரண்டு கையையும் கூப்பினார். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன் தங்கச்சி, தேடாதேங்கோ. என்னை நிப்பாட்டிப்போட்டு விடுங்கோ. எனக்கு எங்கையும் வேலை கிடைக்கும்."

இன்னொருவருக்காகத் தன் பிழைப்பைத் தூக்கிக் கொடுக்கிற மனிதனை அன்டன் நேரில் கண்டது அதுதான் முதல் தடவை.

"ஒருத்தரையும் நிப்பாட்ட வேண்டாம்," என்றாள் கஜந்தி. "அண்ணை, வெளியிலை வாங்கோ. உங்கடை போனை எடுங்கோ. காப்புறுதிக் கம்பனிக்கு அடிச்சு, நான் சொல்லுற ஒரு கேள்வியை மட்டும் கேப்பம்."

அலுவலக அறை என்பது ஒரு மேசையும் ஒரு மாதா படமும் மட்டுமே. நீக்கிலாப்பிள்ளை போனை ஸ்பீக்கரில் போட்டார். இசை கேட்டது, பிறகு மன்னிப்புக் கேட்டது, பிறகு மீண்டும் இசை கேட்டது. ஒருவழியாக ஒரு பெண் 'போன்ஜூர்' சொன்னாள். கஜந்தி சளசளவென்று பிரெஞ்சில் பேசினாள். ஆட்களின் பெயர் வேண்டாம், இந்தக் குழுவின் செலவு எதெதற்குப் போனது என்று மட்டும் முதலாளிக்குச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அந்தப் பெண் மளமளவென்று வாசித்தாள். கஜந்தி கேட்கக் கேட்க அவளுடைய உதடு ஓரமாக வளைந்தது.

"என்னவாம்?" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"மசாஜ்."

"என்ன?"

"மசாஜ், அண்ணை. உடம்பு பிடிச்சு விடுறது. அதுக்குப் பிறகு பல்லு, கண்ணாடி. விலையை ஏத்தினது அதுகள்தான், மருந்தில்லை."

நீக்கிலாப்பிள்ளையின் காது சிவந்தது. லவாலில் ஒரு மசாஜ் நிலையம் இருக்கிறது, காப்புறுதியே காசு கட்டும் என்று சேர்ச்சில் யாரோ சொல்ல, முதன்முதலில் போனவர் அவர்தான். நாள் முழுக்க மாவுருட்டிய தோள் ஒரே நாளில் பஞ்சாகிவிட்டது. அந்தப் பூரிப்பில் வேலையாட்களுக்கும் சொன்னார். அவர்கள் வீட்டுக்காரருக்குச் சொன்னார்கள். கோடை முழுவதும் ஆள் மாறி ஆள் லவாலுக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

"அப்ப குற்றவாளி ஒராள் இல்லை," என்றான் அன்டன். "பதினெட்டுத் தோள்."

"பொறு தம்பி. அப்ப அந்த யானை விலை மருந்து?"

"அதை உங்கடை கணக்கிலை ஏத்தவே ஏலாது," என்றாள் கஜந்தி. "இந்த மாகாணத்திலை ஒரு சட்டம் இருக்கு. உங்களை மாதிரிச் சின்ன இடங்களிலை ஒராளின்ரை மருந்துச் செலவு ஒரு அளவைத் தாண்டினால், தாண்டின பகுதியை எல்லாக் காப்புறுதிக் கம்பனியளும் பங்குபோட்டுச் சுமக்க வேணும். ஒரு வருத்தக்காரராலை ஒரு சின்னக் கடை விழக்கூடாது எண்டுதான் அந்தச் சட்டமே."

"றஜிந்தன் தம்பி அப்பிடிச் சொல்லேல்லையே!"

"கம்பனி உங்களுக்குப் பேர் சொல்லாது. அவருக்கும் சொல்லாது. பேரே தெரியாதவருக்கு அது ஒராள் எண்டு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது? உங்களைப் பயப்படுத்தி வேற கம்பனிக்கு மாத்தினால் அவருக்குப் புதுக் கொமிஷன், அவ்வளவுதான். காப்புறுதி விக்கிறவையைக் கண்காணிக்க அரசாங்கத்திலை அலுவலகம் இருக்கு. நாளைக்கே முறைப்பாடு குடுப்பம். இப்போதைக்கு மசாஜை வெட்டச் சொல்லுங்கோ, விலை இறங்கும்."

நீக்கிலாப்பிள்ளை கதிரையில் தொப்பென்று விழுந்தார். பிறகு மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார். அழுதார், சிரித்தார், இரண்டையும் ஒன்றாகச் செய்தார். "ஒருத்தரையும் நிப்பாட்டத் தேவையில்லை! மாக்கிரட்! இஞ்சை வாரும், மாக்கிரட்!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். எண்ணெய் கொதிக்கிற சத்தத்தில் மாக்கிரட்டுக்குக் கேட்கவில்லை. "தங்கச்சி, அந்த ஊசிக்கார ஆள் ஆரெண்டு சொல்லுங்கோ, நான் போய்க் காலிலை விழுந்து மன்னிப்புக் கேக்கிறன்."

"அது வேண்டாம் அண்ணை. அது அவையின்ரை விசயம்," என்று கஜந்தி எழுந்துவிட்டாள். முகம் மறுபடி கல்லாகியிருந்தது.

பின்வாசலுக்கு வந்ததும் அன்டன் விடவில்லை. வெளியே நவம்பர் மழை, பனியாக மாறலாமா வேண்டாமா என்று யோசித்தபடி பெய்துகொண்டிருந்தது.

"அக்கா, வழக்கு வெண்டாச்சு. ஏன் செத்த வீட்டுக்குப் போற மாதிரி முகத்தை வைச்சிருக்கிறீங்கள்? ஆர் ஆள்?"

"ஊசி மருந்தை வேலையிடத்திலை ஏன் வைக்க வேணும், அன்டன்? எல்லார் வீட்டிலையும் பிரிட்ஜ் இருக்குத்தானே."

"வீட்டிலை ஆருக்கோ தெரியக்கூடாது."

"சரி. வேலையிடத்திலை சைவத் தட்டிலை ஏன் வைக்க வேணும்?"

"நாடாவைத் தாண்டாத ஆருக்கோ தெரியக்கூடா..." அன்டன் பாதியில் நிறுத்தினான்.

"வீட்டுப் பிரிட்ஜைத் திறக்கிறவையும் இந்த நாடாவைத் தாண்டாதவையும் ஒரே ஆக்கள். இஞ்சை வேலை செய்யிறவைக்குள்ளை அப்பிடி ஒராள்தான் இருக்கேலும்."

அன்டனுக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. தாய்தகப்பனோடு ரொக்ஸ்பரோவில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவர்களுக்கே வான் ஓட்டி ஓடர் கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளை. மெலனி.

"றஜிந்தன் புழுகினது," என்றாள் கஜந்தி மெதுவாக. "ஆனால் புழுகு தற்செயலா உண்மையான ஆளிலை போய் விழுந்திட்டுது. அந்த ஒட்டைப் பாத்தனீர்தானே? அவள் மருந்தைப் போடேல்லை. எனக்கு இப்ப அதுதான் பயம். செலவு வைச்ச ஆளைத் தேடச் சொல்லிச்சினம். நான் மருந்தை நிப்பாட்டின ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளை வான் ஒன்று முற்றத்துக்குள் திரும்பியது. மெதுவாகத்தான் வந்தது. வாசல் தூண் வலது பக்கத்தில் பட்டப்பகல் போல நின்றது. வான் நேரே போய் அதில் உரசி, பக்கக் கண்ணாடியைப் பிய்த்து எறிந்துவிட்டு நின்றது. அப்போதுதான் அன்டன் கவனித்தான், வானின் வலது பக்கம் முழுவதும் ஏற்கெனவே கீறல்கள். இடது பக்கம் புதுசு போல இருந்தது.

சத்தம் கேட்டு நீக்கிலாப்பிள்ளை வெளியே ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் திருமாறன்.

"திரும்பவும் இடிச்சிட்டியே! கலியாணம் பேசிற பிள்ளை, என்ன கனவிலை வாகனம் ஓடுறாய்? இவ்வளவு பெரிய தூண், கண் தெரியேல்லையே உனக்கு?"

மெலனி இறங்கி நின்றாள். இருபத்தேழு வயது, தோளில் கடையின் பெயர் போட்ட ஜக்கெட். கஜந்தியின் கையில் இருந்த ஐஸ்கிறீம் பெட்டியைக் கண்டாள். ஓடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. களைத்துப்போன ஆள் கதிரையில் இருப்பதுபோல வானின் படியில் இருந்துவிட்டாள்.

"இல்லை பப்பா," என்றாள். "வலது கண் தெரியேல்லை."

மழை பெய்தது. நீக்கிலாப்பிள்ளை மகளின் வலது கண்ணைக் குனிந்து பார்த்தார்.

"நரம்பு வருத்தம். ரெண்டு வருசமா இருக்கு. ஊசி போட்டால் ஒண்டும் தெரியாது, நான் நல்லாத்தான் இருந்தனான். உங்களுக்குச் சொன்னால் அம்மாவுக்குச் சொல்லுவீங்கள், அம்மா சேர்ச்சிலை எல்லாரையும் செபிக்கச் சொல்லுவா, கதை லவால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிடும். அதாலை திருமாறன் மாமாட்டைக் கேட்டு அங்கை வைச்சனான்."

"என்ரை மனுசி பிரசவத்திலை கிடக்கேக்கை, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியிலை பிரெஞ்சிலை கதைச்சது இந்தப் பிள்ளைதான் முதலாளி," என்றார் திருமாறன். "ஊசி போடாமல் விட்டது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

கஜந்தி மெலனிக்கு முன்னால் குந்தினாள். "எப்ப நிப்பாட்டினீர்?"

மெலனி தகப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது. "செப்ரெம்பரிலை. பப்பா எல்லாரையும் கூப்பிட்டு, ஒராள்தான் எங்களைத் தின்னுது எண்டு சொன்ன அண்டைக்கு. இந்தப் பெட்டியைத் திறந்தால் முடிஞ்சிடும், முடிஞ்சால் புதுசு எடுக்க வேணும், பில் போகும். டிசம்பர் வரைக்கும் ஒரு பில்லும் போகாட்டி விலையைக் குறைப்பாங்கள் எண்டு நினைச்சன். கடை தப்பியிடும், பிறகு போடலாம் எண்டு. போன கிழமைதான் கண் மங்கினது."

அந்த மருந்து கடையின் கணக்கில் ஒரு சதமும் கூட்டியிருக்காது என்று சொல்லக் கஜந்தி வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிவிட்டாள். அதை அந்த நேரத்தில் அந்தத் தகப்பனின் காதில் இன்னொருமுறை போட எந்த மனுசரால் முடியும்?

"திரும்ப வருமே?" என்று கேட்டார் நீக்கிலாப்பிள்ளை. "தங்கச்சி, கண் திரும்ப வருமே?"

"கெதியாப் போனால் வரலாம். இப்பவே போக வேணும். அன்டன், காரை எடும்."

அன்டன் ஓடினான். பகிடி ஒன்றும் இல்லாமல், மழைக்குள் கார்த் திறப்பைத் தேடித் தேடி ஓடினான். கார் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது நீக்கிலாப்பிள்ளை தன் ஏப்ரனைக் கழற்றி மகளின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். மழை அதையும் நனைத்தது.

அப்போதுதான் மாக்கிரட் கையெல்லாம் மாவாக வாசலுக்கு வந்தார். உடைந்த கண்ணாடியையும் நனைந்துகொண்டு நிற்கிறவர்களையும் பார்த்துவிட்டு, "என்னப்பா சத்தம்? கூப்பிட்டீங்களே? அந்த ஆளைப் பிடிச்சாச்சே?" என்று கேட்டார்.

"ஓம். பிடிச்சாச்சு," என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"ஆர்?"

"நான்தான்."